செயலாளர் ஆண்டறிக்கை 2025: ஒரே இசைத்தட்டோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பர்மிங்காமில் கூடும் நம் இசை கேட்போர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டை முழுக்க ஒரே ஆல்பத்துக்கு ஒதுக்கினோம். பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் ராக் குழு தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பம் அது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. 2025இல் 55 ஆண்டுகள் நிறைந்தன. கிட்டார் வாசித்த டோனி அயோமி, பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்ட், பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் நால்வரும் இதே ஊரின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள். நாம் குடியிருக்கும் ஊர் உலகத்துக்குக் கொடுத்த இசையை நாமே சரியாகக் கேட்கவில்லை என்றால் எப்படி என்று அன்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். ஆண்டு முடிவிலும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

முதல் கூட்டத்தில் தொடக்கப் பாட்டை மட்டும் கேட்டோம். மழை, தூரத்தில் மணியோசை, இடி. பிறகு கிட்டார் மூன்றே சுரங்களோடு இறங்குகிறது. கர்நாடக சங்கீதம் பயின்ற உறுப்பினர் ஒருவர் அங்கேயே பாடிக் காட்டினார்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்யமம். தாய் ராகங்களான எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் பாதிக்குப் பாதி பிரதி மத்யம ராகங்கள்தாம். நம் காதுக்கு அது பழகிய சுரம். ஆனால் இந்தப் பாட்டில் அது அடுத்த சுரமான பஞ்சமத்தில் போய் அமர்வதில்லை, அங்கேயே நடுங்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் பட்லர் ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘மார்ஸ்’ இசையை பேஸ் கிட்டாரில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்; அடுத்த நாள் அயோமி இந்த ரிஃப்போடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் இந்தக் கிட்டார் வரியோடு வந்தார் என்பது பட்லரே சொன்ன செய்தி. ‘ஸ்லீப்பிங் வில்லேஜ்’ பாட்டின் தொடக்கத்தில் ஒலிப்பது நம்மூர் மோர்சிங்கின் ஐரோப்பிய உறவு என்று தெரிந்தபோது அரங்கமே கைதட்டியது. அதை வாசித்தவர் தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன்.

அயோமியின் விரல்களைப் பற்றிய கூட்டத்துக்குத்தான் இந்த ஆண்டின் அதிகக் கூட்டம். பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலை வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் இயந்திரத்தில் போயின. இடக்கைக்காரர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய கையே அதுதான். தொழிற்சாலை மேலாளர், ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தீக்காயத்தில் இரண்டு விரல்களின் பயன் போன பிறகும் வாசித்த மேதை ரைன்ஹார்ட். அதைக் கேட்டுத் தேறிய அயோமி, பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி அதன் நுனியில் ஒட்டினார். கனத்த தந்திகளை அழுத்த முடியாததால் மெல்லிய பாஞ்சோ தந்திகளைக் கட்டிக்கொண்டார். நம் உறுப்பினர் ஒருவர் இதேபோல் உறை செய்து மாட்டிக்கொண்டு வாசிக்க முயன்றார். தந்தி விரலுக்குத் தெரியவே இல்லை என்றார். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால் மட்டுமே அறிய வேண்டியிருந்ததாம். அதன்பின் ஆல்பத்தின் ‘என்.ஐ.பி.’ பாட்டை மறுபடி ஓடவிட்டபோது அறையில் ஒருவரும் பேசவில்லை.

பதிவு நடந்தது லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், 1969 அக்டோபர் 16 அன்று, ஒரே நாளில். மேடைக் கச்சேரிபோல மற்ற மூவரும் சேர்ந்து வாசிக்க, ஓஸி தனித் தடுப்பறைக்குள் நின்று கூடவே பாடினார். பெரும்பாலான பாட்டுகளை இரண்டாம் முறை வாசிக்கக்கூட நேரமில்லை. அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் பாதியில் பழுதாகி, கைவசம் இருந்த எஸ்ஜி கிட்டாரில் மற்றதெல்லாம் பதிவானது.

பேய், சாத்தான் என்றே இந்த ஆல்பத்தைப் பேசிப் பழகிவிட்டார்கள். நான் வியப்பது நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட விதத்தை. குறிப்பாக பில் வார்ட். ஜாஸ் கேட்டு வளர்ந்த அவர், ‘தி விசார்ட்’ பாட்டில் ஓஸியின் மவுத்ஆர்கனுக்கும் கிட்டாருக்கும் நடுவில் விழும் இடைவெளிகளில் எல்லாம் புகுந்து பதில் சொல்கிறார். இந்த ஆல்பத்தின் புகழில் அவருக்குச் சேர வேண்டிய பங்கு இன்னும் சேரவில்லை என்பதை இந்த அவையில் பதிவு செய்ய விரும்புகிறேன். அன்றைய விமர்சகர்கள் பலர் ஆல்பத்தைத் தூக்கி எறிந்தே எழுதினார்கள். மக்கள் வாங்கினார்கள், பிரிட்டிஷ் பட்டியலில் 8ஆம் இடம் வரை போயிற்று.

கோடையில் ஆக்ஸ்போர்டுஷயரின் மேப்பிள்டுரம் நீராலைக்குச் சென்றோம். அட்டைப்படத்தில் கறுப்பு உடைப் பெண்ணின் பின்னால் தெரியும் ஆலை, தேம்ஸ் கரையில் இன்றும் மாவு அரைக்கிறது. குடும்பத்தோடு வந்தவர்களுக்கு நன்றி.

ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாக வாசித்தார்கள். வாசித்த நான்கு பாட்டுகளில் ‘என்.ஐ.பி.’யும் ஒன்று. பார்க்கின்சன் நோயால் நிற்க இயலாத ஓஸி, நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார். ஜூலை 22 அன்று, 76ஆம் வயதில் காலமானார். 30ஆம் தேதி இறுதி ஊர்வலம் பிராட் ஸ்ட்ரீட் வழியாக வந்து, குழுவின் பெயர் தாங்கிய கால்வாய்ப் பாலத்தில் நின்றபோது நம் உறுப்பினர்களும் அங்கே பூக்களோடு இருந்தார்கள். அவர் மறைவுக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கலைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

நிர்வாகச் செய்திகள் சில. சத்தம் அதிகம் என்று பழைய அரங்கில் புகார் வந்ததால் புதிய அரங்குக்கு மாறியுள்ளோம். ஒலிபெருக்கியை இரவல் தந்து உதவிய உறுப்பினருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுண்டலும் தேநீரும் கொண்டுவந்த சகோதரிகளுக்கும் சங்கம் கடமைப்பட்டுள்ளது. 2026 பிப்ரவரி 13ஆம் தேதியும் வெள்ளிக்கிழமையாகவே வருகிறது. அன்று மாலை ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓடவிட்டுக் கேட்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. சந்தா நிலுவை வைத்திருப்போர் அதற்குள் செலுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்