பெட்டிக்கடியில் கிடந்த எக்ஸ்ரே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுத அழுகையில் எனக்குப் பேச்சே எழவில்லை. டிக்கெட் எதுவும் போட்டுவிடாதே பாப்பா. பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில் ஓடி வரும்படி இங்கே ஒன்றும் நடக்கவில்லை.

வாசலில் வழுக்கி விழுந்தேனே, அந்த விலா வலிக்கு எடுத்த சிடி ஸ்கேனில்தான் இந்தப் புள்ளி தெரிந்தது. வலது நுரையீரலில் மேல்பக்கம், 9 மில்லிமீட்டர். ஒரு கொண்டைக்கடலை அளவு. ரிப்போர்ட்டில் நாட்யூல், அதாவது சின்ன முடிச்சு, என்று போட்டிருந்ததை உன் தம்பி ‘கட்டி’ என்று சொல்லிவிட்டான். நம் ஊரில் கட்டி என்றால் ஒரே அர்த்தம்தானே!

நெஞ்சு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “முன்னாடி டி.பி. வந்திருக்காம்மா?” என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

வந்திருக்கிறது. 1989-ல், எனக்கு இருபது வயது. பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போய்விடக் கூடாதென்று அம்மாச்சி என்னைத் திருச்சியில் சித்தி வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாள். அந்த மாத்திரைக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். யார் கண்ணிலும் படாமலிருக்க இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிவிட்டு வருவேன். கல்யாணமானதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பத்தாவுக்குக் கடைசி வரை தெரியாது. உனக்கும் இன்றுதான்.

மருந்து முடிந்தபோது எடுத்த எக்ஸ்ரே, பெட்டியின் அடியில் கூறைப்புடவைக்குக் கீழே கிடந்தது. பழைய படம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டதும் அப்பா ஆட்டோ பிடித்துப் போய் எடுத்து வந்தார். அதே இடம், அதே அளவு, அதே வெள்ளைப் புள்ளி. கிருமி இருந்த இடத்தைச் சுற்றி உடம்பே சுவர் வைத்துச் சுண்ணாம்பு பூசி மூடிவிடுமாம். இந்த மாதிரி கெட்டியான புள்ளி இரண்டு வருஷம் வளராமல் இருந்தாலே பெரும்பாலும் பயமில்லையாம். எனதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய படம் இல்லாதவர்கள் பாடுதான் கஷ்டம், மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

புற்று இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எடுக்கலாமே என்றான் உன் தம்பி. தேவையில்லை என்றார் டாக்டர். டி.பி. புண்கூட அதில் புற்று மாதிரியே ஒளிருமாம், வீண் பயம்.

எக்ஸ்ரேயை அப்பா இப்போது ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறார். விலா வலிதான் இன்னும் போகவில்லை. அதை ஒருத்தரும் கேட்கக் காணோம்.

அம்மா