'கிளீவ்' ஒரே சொல்லல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மாணவர் பக்கத்தில் 'கிளீவ்' (cleave) என்ற ஆங்கில வினைக்குப் பிளத்தல், பற்றிக்கொள்ளுதல் என்ற இரு பொருளும் சரியாகவே தரப்பட்டிருந்தன. ஆனால் ஒரே சொல்தான் பிறகு எதிர்ப்பொருளையும் ஏற்றுக்கொண்டது என்ற விளக்கம் பிழை. இவை பிறப்பிலேயே வேறான இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்குக் 'கிளேயோவன்', ஒட்டுவதற்குக் 'கிளிவியன்'. பின்னர் ஈறு தேய்ந்து, உயிரொலியும் நெருங்கி, இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கின. 1658 முதல் 1795 வரை நம் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தரின் மொழியில் இந்தக் கலப்பு நேரவில்லை. பிளக்கக் 'கிளீவன்', ஒட்டக் 'கிளேவன்' என்று இன்றும் தனித்தனியே நிற்கின்றன.

மாணவரை இடறவைப்பது இறந்தகால அட்டவணைதான். 'கிளோவ்', 'கிளெஃப்ற்', 'கிளீவ்ட்' மூன்றும் பிளத்தலுக்கு உரியவை. பற்றிக்கொள்ளுதலுக்கு இன்று 'கிளீவ்ட்' மட்டுமே. நீங்கள் மூன்றையும் இரண்டுக்கும் பொதுவாக்கிவிட்டீர்கள். 1611 ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் இரண்டுக்குமே 'கிளேவ்' என்ற பழைய வடிவம் வருவது உண்மை: ஆதியாகமம் 22:3 இல் ஆபிரகாம் விறகு பிளப்பதற்கும், ரூத் 1:14 இல் ரூத் மாமியாரை விடாமல் பற்றிக்கொள்வதற்கும் அதே சொல். அந்த வழக்கு இன்று இல்லை.

வாசிக்கும்போது பொருளைப் பிரிக்க ஒரு வழி உண்டு. வினையை அடுத்து 'ரூ' (to) என்ற சொல் வந்தால் பெரும்பாலும் பற்றிக்கொள்ளுதல். நேரே செயப்படுபொருள் வந்தால் பிளத்தல். பெயரடைகளை மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மாட்டின் பிளவுண்ட குளம்புக்குக் 'கிளோவன்', அண்ணப் பிளவுக்குக் 'கிளெஃப்ற்'. மாற்றி எழுதக்கூடாது.

உள்ளிப்பல்லுக்கான 'கிளோவ்' இந்தப் பிளத்தலின் உறவுதான். பூண்டு பல்பல்லாகப் பிளந்து நிற்கிறதல்லவா. ஆனால் அதே எழுத்தில் வரும் கராம்புக்கு இந்த வினையோடு தொடர்பே கிடையாது. ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'குளூ'விலிருந்து அது வந்தது. ஒரு கராம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். அதையும் உங்கள் பக்கம் பிளத்தலோடு சேர்த்திருக்கிறது. அட்டவணையோடு இதையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்