கோட்டை முற்றுகைப் படம் தொடர்பாக எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

திருமணப் படம் முதல் சுவாமிப் படம் வரை சட்டமிட எம்மிடமே கொண்டுவரும் உங்களுக்கு, எமது கடையின் முன்சுவரில் தொங்கும் மட்டக்களப்புக் கோட்டை முற்றுகைப் படத்தைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1638ஆம் ஆண்டு மே மாதம், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் கப்பற்படையும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து புளியந்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதைக் காட்டும் பழைய சித்திரம் அது. அதனைப் பெரிதாக அச்சிட்டு, தேக்குச் சட்டமிட்டு விற்று வருகிறோம். அது கணினியில் உருவாக்கப்பட்ட பொய்ப்படம் என்று கூறும் குரற்பதிவு ஒன்று சில வாரங்களாக வட்ஸ்அப் குழுக்களில் பரவி வருவதனாலேயே இம்மடலை எழுதுகிறோம்.

விலை அதிகம் என்றோ, வேலை தாமதம் என்றோ சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்திருப்போம். ஆனால் எமது தந்தையார் காலந்தொட்டு, கிழிந்துபோன பழைய குடும்பப் படங்களைக்கூட நம்பி எம் கையில் ஒப்படைத்த ஊரில், பொய்ப்படம் விற்பவர்கள் என்ற சொல் எம்மை மிகவும் புண்படுத்திவிட்டது.

படத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் மங்கிய கோடு, இரண்டு படங்களை ஒட்டிய தடயம் என்று அப்பதிவு கூறுகிறது. அக்காலத்து நூல்களில் பெரிய படங்களைத் தனித்தாளில் அச்சிட்டு மடித்து வைத்தே கட்டுவார்கள். மூலத்தாளில் இருந்த அந்த மடிப்பின் தடமே எமது பிரதியிலும் தெரிகிறது. அதனைக் கணினியில் அழிப்பது ஐந்து நிமிட வேலை. அழித்தால் தாளின் வயதும் சேர்ந்தே அழிந்துவிடும் என்பதால்தான் வேண்டுமென்றே விட்டுவைத்தோம். பீரங்கிப் புகை எழும் இடத்தை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பீர்களானால், சாம்பல் நிறமாகத் தோன்றும் அப்புகை முழுவதும் ஒன்றையொன்று குறுக்கிட்டு வளையும் மெல்லிய கோடுகளே என்பதைக் காண்பீர்கள். செப்புத்தகட்டில் உளியால் கீறி, கீறலுக்குள் மையை நிரப்பி அச்சிட்ட வேலை அது. அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால், எழுத்துகளையும் தகட்டில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பியே செதுக்க வேண்டியிருந்தது. அந்தக் கையின் நிதானத்தைப் பார்க்கும்போதெல்லாம் எமக்கு வியப்பே மேலிடுகிறது.

கோட்டை இன்றுள்ளதைப் போல இல்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. மாவட்டச் செயலகமான கச்சேரி நெடுங்காலம் இயங்கிய, வாவியோரத்தில் நாம் நாள்தோறும் காணும் கோட்டை, பின்னர் ஒல்லாந்தர் தமது முறைப்படி மாற்றிக் கட்டியது. முற்றுகைக்கு உள்ளானதோ 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பியது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயஸ் பாதிரியாரின் இலங்கை நூலே 1672இல்தான் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது என்பதை நினைத்துப் பார்த்தால், அக்காலத்துச் சித்திரக்காரர்கள் கேட்டறிந்ததையும் அனுப்பப்பட்ட வரைபடங்களையும் கொண்டு எவ்வளவு தூரத்தில் இருந்து வரைந்தார்கள் என்பது விளங்கும். இது போர்க்களத்தில் எடுத்த நிழற்படம் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை.

ஒல்லாந்தரின் வெற்றியைச் சுவரில் மாட்டலாமா என்று நேரில் வந்து கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி. ஒல்லாந்தர் தமது வாசகருக்காகத் தம்மைப் பெரிதாக வரைந்துகொண்டனர். ஆயினும் அதே ஆண்டு மார்ச்சில் கண்டிக்கு அருகிலுள்ள கன்னொருவையில் போர்த்துக்கேயரை முறியடித்த அரசனின் துணையின்றி இக்கோட்டை விழுந்ததாகக் கொள்ள முடியாது. விழுந்த ஐந்தாம் நாளே அவனோடு உடன்படிக்கையும் செய்யப்பட்டது. இந்த விவரங்களைத் தமிழில் அச்சிட்டு, இனி ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் ஒட்டித் தருவோம். இதனைக் கேட்டு வற்புறுத்திய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு எமது நன்றி.

குரற்பதிவு பரவிய பின்னரும் கடைக்கு வந்து, வகுப்பறைக்கென இரண்டு படங்களை வாங்கிச் சென்ற அதிபரையும், கனடாவிலுள்ள மகனுக்குக் குழலில் சுருட்டி அனுப்பிய அம்மாவையும், தமது முன்னோரின் கதையும் இதில் இருக்கிறது என்று கூறி வீட்டு வரவேற்பறையில் மாட்டிய பறங்கியர் குடும்பத்தினரையும் நாம் மறக்கமாட்டோம். உங்கள் நம்பிக்கையினாலேயே இக்கடையின் கதவு இன்றும் திறந்திருக்கிறது.

பலகை, கண்ணாடி, அச்சு மை யாவும் விலையேறி, 18 சதவீத வற் வரியும் சேர்ந்துகொண்டதனால், 5,200 ரூபாயாக இருந்த படம் அடுத்த மாதம் முதல் 6,500 ரூபாயாகும். சட்டவேலை செய்த தம்பி கட்டாருக்குச் சென்றுவிட்டதால், முன்பதிவு செய்வோர் மூன்று வாரம் பொறுத்தருள வேண்டும். முதலில் விற்ற சில பிரதிகளில், சட்டத்தின் அளவுக்கு ஏற்ப, கீழ்விளிம்பில் இருந்த ஒல்லாந்த மொழி வரி வெட்டுப்பட்டுள்ளது. அவற்றைக் கொண்டுவருவோருக்குக் கட்டணமின்றி முழுப் பிரதி மாற்றித் தரப்படும்.

ஐயமுள்ளோர் எந்த நாளிலும் வரலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி மேசையிலேயே வைக்கப்பட்டிருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் அன்பை மறவாத
கடை உரிமையாளர்,
மட்டக்களப்பு.