அந்தச் சம்மனைப் பற்றி

கண்ணா,

"அம்மா, போலீஸ் வந்துடுமா?" என்று ராத்திரி நீ கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் முன்சீப் கோர்ட்டில் 22 வருஷம் டைப் அடித்தவள் நான். சம்மன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதறாமல் படி.

கடன் பாக்கிக்கு என்று வாட்ஸ்அப்பில் வந்த சம்மனை எனக்கு அனுப்பினாயே, அதில் மேலே சென்னை உயர் நீதிமன்றம் என்று இருக்கிறது, கீழே சார்பு நீதிபதி கையெழுத்து. ஹைகோர்ட்டில் சார்பு நீதிபதி கிடையாது. அப்புறம், இன்று மாலைக்குள் யு.பி.ஐ.யில் கட்டினால் வழக்கு வாபஸ் என்று ஒரு வரி. சிவில் வழக்குச் சம்மன் என்றால் இன்ன தேதிக்கு ஆஜராகு என்று இருக்கும், பணத்தை இங்கே அனுப்பு என்று இருக்காது. கடன் பாக்கிக்குப் போடும் சிவில் வழக்கில் பிராது, அதாவது வழக்குப் போட்டவர் கொடுத்த மனு, அதன் நகலும் கூடவே வர வேண்டும். உனக்கு வந்தது ஒற்றைப் பக்கம். அந்த வழக்குக்காகப் போலீஸ் வந்து உன்னைப் பிடித்துக்கொண்டு போகாது.

ஆனாலும் போலி என்று சொல்லி நீ அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கடன் வாங்கியது உண்மை, மூன்று தவணை நின்றதும் உண்மை. உன் மாமா அப்படித்தான் ஏமாந்தார். கோர்ட் ஊழியரான அமீனா கொண்டுவந்த சம்மனை, பைனான்ஸ்காரன் மிரட்டல் என்று நினைத்து வாங்காமல் திருப்பினார். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், சார்வு ஆனதாக, அதாவது கையில் கொடுத்ததாகவே கணக்கு. அவர் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. அதை ரத்து செய்ய மனு போட 30 நாள்தான். அதுவும் போனபிறகுதான் என்னிடம் வந்து நின்றார். அத்தையின் வளையல் அதில்தான் போயிற்று. நான் கோர்ட்டிலேயே வேலை பார்த்தும் ஒரு வார்த்தை முன்னால் கேட்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கடன் வாங்கும்போது செக் ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயா? மறைக்காமல் சொல். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் வழக்கு வரும், அது கிரிமினல். 2024 ஜூலையிலிருந்து அந்த மாதிரி வழக்கில் மின்னணு வழியாகவும் சம்மன் அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் வாட்ஸ்அப்பில் வந்ததே போலி என்பதற்குச் சாட்சி ஆகாது.

இப்போதே செய்ய வேண்டியது: அந்தக் காகிதத்தில் இருக்கும் லிங்க், போன் நம்பர் எதையும் தொடாதே. கோர்ட் வழக்கு விவரம் பார்க்கும் அரசுத் தளமான இ-கோர்ட்ஸை நீயே தேடித் திற. சம்மனில் சி.என்.ஆர். எண், அதாவது வழக்கின் அடையாள எண் இருந்தால் அதைப் போடு. எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும், தமிழ்நாட்டுக் கீழ்க்கோர்ட்டு வழக்கு என்றால் டி.என். என்று தொடங்கும், கடைசி நான்கும் வருஷம். உண்மையான வழக்கென்றால் கட்சிக்காரர் பெயரும் அடுத்த வாய்தாவும் வந்துவிடும். எண் இல்லாவிட்டால் உன் பெயரையும் வருஷத்தையும் போட்டுத் தேடு. பெயரை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி அடித்திருப்பார்கள், இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார். ஏற்கெனவே பணம் ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடு.

தளத்தில் ஒன்றும் வராவிட்டாலும் எனக்கு மனசு ஆறாது. திங்கட்கிழமை காலை செங்கல்பட்டில் பீச் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி ஹைகோர்ட்டுக்குப் போகிறேன். சிட்டி சிவில் கோர்ட்டும் அதே வளாகம்தான், இரண்டு இடத்திலும் நேரில் விசாரித்துவிடுகிறேன். ஆதார் நகலும் கடன் பத்திரமும் ஞாயிறு ராத்திரிக்குள் அனுப்பி வை. சாப்பிட்டாயா?

அம்மா