துறை இணைப்புக்கு முன் உதவி மேசை

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத் துறைகளை ஒன்றிணைத்துப் பெரிய புலங்களாக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. சரி, ஆள் சேராத பாடப்பிரிவுகளுக்கு அது பொருந்தலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துறையின் பெயரா பிரச்சினை?

1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லையில் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் வருகின்றன. தலைமையிடம் சேலம் கருப்பூரில். கிருஷ்ணகிரி மாவட்டத் தேன்கனிக்கோட்டையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்துப் பிழைக்காக நேரில் போக வேண்டி வந்தால் ஒரு நாள் காலி. துணைக்கு வரும் அப்பாவின் அன்றைய கூலியும் போச்சு.

தருமபுரி பைசுஅள்ளியில் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையம் ஏற்கெனவே இருக்கிறது. சான்றிதழ் திருத்தம், உதவித்தொகை, மனநல ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கே நிரந்தரமாக ஆள் போடட்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கான அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய் ஏதாவது ஒரு மாதம் வராவிட்டால் எங்கே கேட்பது என்பதையும் அவர்களே சொல்லலாம். கிருஷ்ணகிரியிலும் இதுபோல் ஒரு உதவி மேசை வேண்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் நிறைய, அந்த மொழிகள் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

துறை இணைப்பை அடுத்த கல்வியாண்டில்கூடப் பேசிக்கொள்ளலாம்.

– ஒரு மாணவியின் தந்தை, பாலக்கோடு