சுவரில் நிற்கும் கொழுந்துக்காரி: எல்லக் கடைத்தெருவினருக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்துச் சுற்றுலா ஊரான எல்லயின் பிரதான வீதியில் கஃபேயும் ஹொஸ்டலும் கைவினைக் கடையும் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது ஹட்டனில் படிப்பிக்கிறேன். போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் உங்கள் ஊருக்கு வந்தேன். 31 வருஷம் மலையில் கொழுந்து பறித்தவள் அவள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர, ஊர் பார்க்கவென்று எங்கேயும் போனதில்லை.

உங்கள் தெரு எனக்குப் பிடித்தது. பெரிய முதலாளி ஒருவர் வந்து ஒரே மூச்சில் கட்டிய தெருவாகத் தெரியவில்லை. வீட்டு முன்னறையைக் கடையாக்கி, மேலே ஒரு தட்டு ஏற்றி, பழைய ரயில் சிலிப்பர் கட்டையில் வாங்கு செய்து, சைக்கிள் சக்கரத்தில் விளக்குக் கட்டி, ஆளுக்கொரு வர்ணம் பூசி வளர்ந்திருக்கிறது. ஒரு கடையில் எந்த இரண்டு கதிரையும் ஒன்றுபோல இல்லை. "கல்யாண வீட்டுக்கு எரவல் வாங்கிப் போட்ட மாதிரி" என்றாள் அம்மா. அவளுக்கும் பிடித்திருந்தது என்றுதான் அர்த்தம்.

அந்தக் கடைச் சுவரில்தான் கொழுந்து பறிப்பவளின் ஓவியத்தைப் பார்த்தோம். இரண்டாள் உயரம், தலையில் பூ, காதில் பெரிய தோடு. வெளிநாட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கிட்டப் போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளையைப் போலப் பார்த்தாள்.

"இவ யாரு புள்ள? இடுப்புல படங்கு கட்டல, மழ பேஞ்சா இடுப்புக்குக் கீழ நனைஞ்சுல்ல போவும்? கூடக் கயிறு உச்சந்தலையில இருக்கணும், இவ தோள்ல மாட்டியிருக்கா. கையில பாரு, பூராவும் முத்தல் எல. இதக் கொண்டு போனா அப்படியே கொட்டிருவாங்க."

பிறகு தேநீர் வந்தது. கோப்பை 650 ரூபாய், நூலில் தொங்கும் பையோடு. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் போட்டிருந்தார்கள். அம்மா விரல் மடக்கிப் பார்த்து, "ரெண்டு கோப்ப, ஒரு பேரு" என்று சிரித்தாள். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். விலையைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை. கடை வாடகையும் கரண்ட் பில்லும் எனக்கும் தெரியும். எதிரே கரும்பலகையில் இலங்கைத் தேயிலை தொடங்கிய கதையை 1867, ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, 19 ஏக்கர் என்று சோக்கட்டியால் அழகாக எழுதியிருந்தீர்கள். கணக்கும் சரி, பெயரும் சரி. ஆனால் அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்தியவர்கள் யார்? அதற்கு ஒரு வரி எழுதப் பலகையில் இடம் இருந்தது.

எங்களுக்குப் பரிமாறிய தம்பி முதலில் ஆங்கிலத்தில் பேசினான், அடுத்தது சிங்களத்தில். நாங்கள் பேசுவது காதில் விழுந்ததும் குனிந்து, மெல்ல, "அக்கா, எந்தத் தோட்டம்?" என்றான். அவன் நமுனுகுலைப் பக்கம். குசினியில் நிற்கும் இரண்டு பேரும் நம்ம பிள்ளைகள்தானாம். நான் படிப்பிப்பவள் என்று தெரிந்ததும் போனை எடுத்து அவன் வரைந்ததெல்லாம் காட்டினான். லயத்து வீட்டு வாசலில் படங்கோடு நிற்கும் அவனுடைய அம்மாயி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களம், மூடுபனிக்குள் பாதி தெரியும் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை. ஒரு படத்தை அம்மா பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தாள். கயிறு சரியான இடத்தில் இருந்தது. எந்தக் கடை என்று எழுதமாட்டேன், தம்பியின் வேலைக்கு அது நல்லதில்லை.

சுவருக்கு ஓவியர் தேடி நீங்கள் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை, உங்கள் குசினியில் எட்டிப் பாருங்கள். வர்ணத்தையும் இரண்டு நாள் லீவையும் கொடுங்கள், சம்பளத்தோடு. வரைந்தவன் பெயரை மூலையில் போடவும் விடுங்கள்.

பெயர்ப்பலகையிலும் மெனுவிலும் தமிழ் எங்கள் கண்ணில் படவே இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்லியது அரச கந்தோருக்குத்தான், கஃபேக்கு இல்லை என்பது தெரியும். சட்டம் பேச வரவில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் அன்று மெனு முழுவதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன்.

இன்னொன்று. மாலையில் ஒரு கடையில் மேளச் சத்தம் கேட்டது. அடுத்து தப்பாட்டத்தையும் காமன்கூத்தையும் கூப்பிடலாமென்று யாருக்காவது தோன்றக்கூடும். தப்பாட்டத்தைக் கூப்பிடுங்கள், ஆடுவோருக்கு ஒழுங்காகக் காசு கொடுங்கள். காமன்கூத்தை மட்டும் பியருக்கும் பீட்சாவுக்கும் நடுவே பத்து நிமிஷமாக நறுக்காதீர்கள். மாசியில் கம்பம் நட்டு, இரவிரவாக ஆடி, காமனை எரித்து, ரதி ஒப்பாரி வைப்பதுவரை போகும் விஷயம் அது. ஆசையுள்ள விருந்தாளிகளைத் தோட்டத் தலைவரிடம் கேட்டு அங்கேயே அனுப்புங்கள். போர்வையோடு வரச் சொல்லுங்கள், விடியும்வரை குளிரும்.

திரும்பும்போது ரயிலில் அம்மா உளுந்து வடை வாங்கித் தின்றுகொண்டே அந்த ஓவியக்காரியைப் பற்றித்தான் பேசிவந்தாள். சுவரைத் திருத்துவதென்றால் தானே வந்து, படங்கு கட்டி, கூடை மாட்டி நின்று காட்டுவாளாம். ஒரு நாள் பேர் போட்டால் போதும் என்கிறாள். சாப்பாடு உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு ஆசிரியை