குறைமாதப் பெண் குழந்தைகளின் சினைப்பையைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் எடை, நுரையீரல், கண் பரிசோதனை என்பதோடு முடித்துவிடுகிறீர்கள். 30 வாரத்துக்கும் முன்பே பிறந்த சில பெண் குழந்தைகளுக்கு, முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி நெருங்கும் சமயத்தில் பிறப்புறுப்பு, அடிவயிறு, தொடையின் மேல்பகுதி எல்லாம் வீங்கும், மார்பு தடிக்கும், சிலருக்கு ரத்தக்கசிவுகூட வரும். "இப்பவே வயசுக்கு வந்துடுச்சா?" என்று பாட்டிகள் பதறுவார்கள், பாவம், அவர்களை யார் குறை சொல்வது!

விஷயம் இதுதான். வயிற்றில் இருக்கும்வரை நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், குழந்தையின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி வைத்திருக்கும். சீக்கிரம் பிறந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது, மூளையின் கட்டுப்பாடோ இன்னும் முதிரவில்லை, அதனால் பிட்யூட்டரியிலிருந்து வந்து சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். ஹார்மோன்கள் எகிறி, சினைப்பையில் நீர்க்கட்டிகள் உண்டாகி, குழந்தையின் உடம்பிலேயே ஈஸ்ட்ரோஜன் கூடிவிடுகிறது. 1985-லேயே மருத்துவ இதழில் பதிவான சங்கதி, ஆனால் அபூர்வம் என்பதால் வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

நீர்க்கட்டி என்றதும், வயதுக்கு வந்த பெண்களுக்கு வரும் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு என்று நினைத்துப் பெற்றோர் கலங்க வேண்டாம், இது வேறு. பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் தானாக அடங்கிவிடும், ஹார்மோன் மருந்து சிலருக்குத்தான் தேவைப்படும். ஆனால் பெரிய கட்டியாக இருந்தால் சினைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதனால் டாக்டர் சொல்லும் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் ஹார்மோன் நிபுணரிடம் கேட்டு இதை விரிவாகப் போடுங்களேன்.

ஒரு வாசகி, நாமக்கல்